றிப்பேர் முடிஞ்ச கார்

நீங்கள் போனிலை கதைச்சது காதிலை விழுந்திட்டுது தம்பி, குறை நினையாதேங்கோ. ஒட்டுக்கேக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் பஸ்ஸிலை சீற்றுகளை இப்பிடி நெருக்கிப் போட்டு வைச்சால் காதை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? கார் வாங்கிற யோசினை போலை. ஹைபிரிட் எண்டும் சொன்னீங்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடனை என்ரை வாய் சும்மா இருக்கேல்லை. வவுனியா மட்டும் நேரமிருக்குத்தானே. ஒருத்தன் பட்டதைக் கேட்டால் இன்னொருத்தன் தப்பலாம்.

என்ரை பேர் சிவசோதி. இடம் சண்டிலிப்பாய். கூட்டுறவுப் பரிசோதகரா இருந்து பென்சன் எடுத்தனான். திருகோணமலையிலை மச்சாள், மனுசியின்ரை தமக்கை வீட்டை வந்திட்டு இப்ப திரும்பிப் போறன். கார் விசயமாத்தான் வந்தனான். வேறை ஒண்டுமில்லை, கார் விசயம்தான்.

அந்தக் காரை நாங்கள் வாங்கேல்லை தம்பி. மகன் சேயோன் நோர்வேயிலை. அவன்தான் அப்பாவும் அம்மாவும் வெயிலுக்குள்ளை பஸ்ஸுக்கு நிக்கக்கூடாது எண்டு காசு அனுப்பி எடுப்பிச்சவன். வெள்ளை நிறம். யப்பானிலை ஒருத்தன் ஓடிப்போட்டு விட்டது. பாக்க வடிவுதான். முன்னுக்குப் பெற்றோல் எஞ்சின், பின் சீற்றுக்குக் கீழை ஒரு பெரிய பற்றறி. ரெண்டும் மாறி மாறி வேலை செய்யும், பெற்றோல் மிச்சம் எண்டு சொல்லுவினம். மிச்சம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. பற்றறி சாகும் மட்டும் மிச்சம்.

எனக்குக் கார் ஓடத் தெரியாதெண்டில்லை. வேலைக்காலம் முழுக்க மோட்டச்சைக்கிளிலை திரிஞ்சவன் நான். இது கியர் இல்லாத கார். இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத கால் சும்மா இருக்குமே? அது தன்ரை பாட்டிலை பிறேக்கைத் தேட, வலது கால் மற்றதை அமத்த, கார் போய்க் கிணத்துக்கட்டிலை முட்டினது. பெரிய முட்டில்லை. அண்டையோடை விட்டிட்டன். ஏலாமல் இல்லை, எனக்கு அதிலை மனம் போகேல்லை.

அப்பதான் என்ரை மனுசி சொன்னா, நான் பழகிறன் எண்டு. திலகேஸ்வரி எண்டு பேர். படிப்பிச்சுப் பென்சன் எடுத்தவ. அறுவது வயது கிட்டுது, சாறி உடுத்துக்கொண்டு கார் பழகப் போறன் எண்டால் நீங்கள் என்ன சொல்லுவீங்கள்? நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. நான் அப்பிடியான ஆள் இல்லை. லைசன்ஸ் கிடைக்காதெண்டு நினைச்சுக்கொண்டு பேசாமல் இருந்தன். முதல்தரமே கிடைச்சிட்டுது.

பேந்து அவவைப் பிடிக்கேலாமல் போச்சு. முதல் கோயிலுக்கு எண்டு வெளிக்கிட்டா. பேந்து சந்தைக்கு. பேந்து தன்னோடை படிப்பிச்ச ஆக்கள் வீடு. மத்தியானம் நான் மேசையிலை மூடி வைச்ச சோத்தைத் திறந்து தனியச் சாப்பிடுவன். கறி குறைஞ்சதில்லை, அதை நான் சொல்லவேணும். மூண்டு கறியும் இருக்கும், அப்பளம் கூட இருக்கும். ஆனால் தனியச் சாப்பிடுறது சாப்பாடோ தம்பி?

இதிலை பவளம் ரீச்சரைப் பற்றிச் சொல்லவேணும். பவளராணி. பண்டத்தரிப்பு. திலகத்தோடை ஒரே பள்ளிக்கூடத்திலை இருபது வருசத்துக்கு மேலை. கலியாணம் கட்டாத பிள்ளை, தாய் தேப்பனும் போய் வீட்டிலை தனிய. ரெண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு ரெண்டு தரம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினிலை படுத்து ரத்தம் சுத்திகரிக்கவேணும். அது முடிஞ்சு வரேக்கை ஆள் கசக்கிப் பிழிஞ்ச துணி மாதிரி இருக்கும். கார் வந்த பிறகு திலகம்தான் கூட்டிக்கொண்டு போறது, காத்திருந்து கூட்டிக்கொண்டு வாறது. புண்ணியமான காரியம்தான், நான் பிழை சொல்லேல்லை.

சில நாள் நானும் கூடப் போவன். வீட்டிலை தனிய இருந்து என்ன செய்யிறது? அந்தப் பிள்ளை முன் சீற்றிலை, இவ ஓட்டுறா, நான் பின்னாலை. என்ரை காரிலை நான் பின்னாலை. அவை ரெண்டு பேரும் பழைய பள்ளிக்கூடக் கதையள் கதைச்சுச் சிரிப்பினம். இன்ன பிறின்சிப்பல் இன்னது சொன்னார் எண்டு ஒருத்தி தொடங்க, முடிக்க முதலே மற்றவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு எங்கையெண்டே தெரியாது. வாய்விட்டுக் கேட்டாலும், அது உங்களுக்கு விளங்காதப்பா எண்டுவா. நான் சால்வையையும் தலைகாணியையும் பக்கத்திலை அடுக்கிப்போட்டுச் சாய்ஞ்சு படுத்திடுவன்.

ஒருநாள் ஆஸ்பத்திரியாலை வரேக்கை, மானிப்பாய் தாண்டினவுடனை, முன்னுக்குச் சிவப்பு லைற் எரிஞ்சுது. கார் இழுக்கேல்லை. நடக்கிற வேகத்துக்கு வந்து றோட்டுக்கரையிலை நிண்டிட்டுது. நல்ல வெயில். பவளம் ரீச்சரை ஒரு பூவரச மரத்துக்குக் கீழை என்ரை தலைகாணியைப் போட்டு இருத்தினம். அந்தப் பிள்ளை, "என்னாலைதான் உங்களுக்கு இந்தக் கரைச்சல் எல்லாம்" எண்டு என்னைப் பாத்துச் சொல்லிச்சுது. நான் ஒண்டும் சொல்லேல்லை. இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்தான். வெயில் தம்பி, வாய் வரேல்லை.

கோண்டாவிலிலை நிக்சன் எண்டு ஒரு பெடியன், இந்த ஹைபிரிட் வேலை தெரிஞ்சவன். அவன் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனான். பற்றறி செத்துப்போச்சுதெண்டான். பின் சீற்றுக்குப் பக்கத்திலை ஒரு காத்து போற வாசல் இருக்குதாம், பற்றறி சூடாகாமல் இருக்க அதுக்குள்ளாலை காத்து இழுக்குமாம். அதைக் கழட்டிக் காட்டினான். உள்ளை முழுக்கத் தும்பு, பஞ்சு. "இதிலை ஆரும் துணி கிணி போட்டு மூடினவையோ ஐயா?" எண்டு கேட்டான். ஒரு மனுசன் சாயிற இடத்திலை ஓட்டையை வைச்சது ஆற்றை பிழை? திலகம் என்ரை சால்வையைப் பாத்தா, பேந்து மற்றப் பக்கம் திரும்பினா. பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பன்.

பற்றறி கொழும்பிலையிருந்து வரவேணும். அது வந்து பூட்டினால் இன்வேட்டர் எண்டு இன்னொரு சாமானும் பழுதாம். பற்றறிக் கறண்டை மோட்டருக்குக் குடுக்கிற பெட்டி. ஒண்டைச் சொல்லி ஒண்டு. சேயோனுக்குப் போன் அடிச்சன். அவன் அங்கையிருந்து, திருத்திப்போட்டு வித்திடுங்கோ அப்பா, இனி அது தொல்லைதான், ஒண்டு மாத்தினால் மற்றது போகும் எண்டான். நானும் அதைத்தான் சொன்னன். திருத்தின கையோடை வித்தால் ஆரும் வாங்குவினம். இன்னொருக்காப் போச்சுதெண்டால் இரும்புக்காரன்தான் வாங்குவான். இதிலை என்ன பிழை? கணக்குத் தெரிஞ்ச எவனும் இதைத்தான் சொல்லுவான்.

திலகம் கேட்டுக்கொண்டிருந்திட்டு, "எனக்குக் கார் வேணும்" எண்டா.

அவ்வளவுதான். காரணம் சொல்லேல்லை, வாதாடேல்லை. முப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறம், தனக்கு ஒண்டு வேணுமெண்டு அவ வாய் திறந்ததை நான் கேட்டதில்லை. தன்ரை பென்சன் சேமிப்பையே எடுத்து நிக்சனிட்டைக் குடுத்திட்டா. நான் என்ன செய்யேலும்?

பேந்து ஒருநாள் நிக்சன் எனக்குத்தான் போன் எடுத்தான். வேலை முடிஞ்சுது ஐயா, வந்து எடுங்கோ எண்டான். திலகம் பின்னுக்குத் துணி காயப்போட்டுக்கொண்டு நிண்டவ. நான் மெல்லமாச் சொன்னன், தம்பி, கொஞ்சநாள் உங்கையே நிக்கட்டும், திலகம் கேட்டால் சாமான் வரேல்லை எண்டு சொல்லும், நான் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுறன் எண்டு. அவன் இழுத்தான். திலகம் ரீச்சர் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் எடுத்துக் கேக்கிறவ ஐயா எண்டான். கார் என்ரை பேரிலைதானே பதிஞ்சிருக்கு தம்பி எண்டன். பெடியன் போனை வைச்சிட்டான்.

நான் களவெடுக்கேல்லை. என்ரை காரை நான் ஒரு இடத்திலை விட்டு வைச்சன். வாங்கிற ஆள் ஒண்டு சரிவந்தால், கையிலை காசைக் குடுத்து, பார் இதுதான் நல்லது எண்டு சொல்லலாம் எண்டு நினைச்சன். ஆள் சரிவரேல்லை. நானும் பெரிசாத் தேடேல்லை எண்டு வையுங்கோ.

ஏனெண்டால் கார் இல்லாத அந்தக் காலம் எங்கடை வீடு வீடா இருந்தது தம்பி. நாலு மணிக்குத் தேத்தண்ணி. எனக்குக் கண்ணிலை வெள்ளை படருது, எழுத்துப் பிடிபடாது, அவ பக்கத்திலை கதிரையைப் போட்டுப் பேப்பர் வாசிப்பா. மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்டாச் சாப்பிடுவம். கதைக்கமாட்டா, ஆனால் இருப்பா. ஒரு மனுசனுக்கு வயது போக வேறை என்ன வேணும்? பென்சன் எடுத்த பிறகு என்னைத் தேடி ஆர் வாறது? முந்தி நான் ஒரு சங்கத்துக்குள்ளை போனால் மனேச்சரே எழும்பி நிப்பான். இப்ப தபால்காரன் கூடப் பெல்லடிக்காமல் பெட்டிக்குள்ளை போட்டிட்டுப் போறான்.

பவளம் ரீச்சரோ? ஓம், அந்தப் பிள்ளை ஓட்டோவிலை போச்சுது. ஓட்டோக்காரன் நல்ல பெடியன்தான், றோட்டு அப்பிடி. போகேக்கை சமாளிக்குமாம். திரும்பி வரேக்கை அந்தக் குலுக்கலிலை சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்குமாம், மயங்குமாம். ஓட்டோ கிடையாத நாளிலை பஸ்ஸிலை. திலகம் சைக்கிளிலை பண்டத்தரிப்புக்குப் போய், சைக்கிளை அங்கை விட்டிட்டு, அந்தப் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு பஸ்ஸிலை போவா. பின்னேரம் வந்து படுத்தால் அவவுக்கே கால் ரெண்டும் வீங்கியிருக்கும். ஒருநாள் என்னைப் பாத்து, நிக்சனுக்கு நீங்கள் ஒருக்கா இறுக்கிக் கதையுங்கோவன், ஆம்பிளையள் கதைச்சால் கேப்பினம் எண்டா. நான் அவவுக்கு முன்னாலையே போன் எடுத்தன். சாமான் இன்னும் கொழும்பிலைதான் நிக்குதாம் எண்டு சொன்னன். அவ தலையை ஆட்டிப்போட்டுக் காலுக்கு எண்ணெய் பூசினா.

மாரி தொடங்கிச்சுது. றோட்டிலை வெள்ளம். இந்தமுறை விடுவம் திலகம், அடுத்தமுறை போவம் எண்டு பவளம் ரீச்சர் சொன்னதாம். அடுத்தமுறையும் மழை. அதுக்குப் பிறகு மூச்சிழுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அடுத்தநாள் விடிய முடிஞ்சுது.

டொக்டர்மாரே சொன்னவை, எப்பிடியும் அந்தப் பிள்ளை கனநாளைக்கு இராது எண்டு. அதை நீங்கள் மனசிலை வையுங்கோ. நான் செத்தவீட்டுக்குப் போனன். பந்தலுக்குள்ளை முன் கதிரையிலை இருந்தன். செய்யவேண்டிய மரியாதை எல்லாம் செய்தன்.

எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு முடிஞ்ச அடுத்தநாள் திலகம் பஸ் ஏறிக் கோண்டாவிலுக்குப் போயிருக்கிறா. எனக்குச் சொல்லேல்லை. கராஜிலை கார் முன்னுக்கே கழுவித் துடைச்சு நிக்குது. அவவின்ரை முகத்தைப் பாத்தவுடனை அந்தப் பெடியன் உண்மையைக் கக்கிப்போட்டான். பேந்து எனக்குப் போன் எடுத்து, ஐயா, அவ கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு கொஞ்சநேரம் காருக்குள்ளை சும்மா இருந்தா, பேந்துதான் எடுத்தவ எண்டான்.

வீட்டை வந்தா. இடியப்பம் அவிச்சா, சொதி வைச்சா, எனக்குப் போட்டா. நான் சாப்பிட்டு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டிட்டுக் கேட்டா:

"கார் சரியாகேக்கை பவளம் இருந்தவளோ?"

நாள் குறிச்சு வைச்சிருந்தனானோ எண்டன். "இருந்தவளோ எண்டுதான் கேட்டனான்" எண்டா. ஓம் எண்டன். பொய் சொல்லேல்லை தம்பி, அந்த இடத்திலை நான் பொய் சொல்லேல்லை. அவ கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினா.

விடிஞ்சு பாத்தால் கார் இல்லை. அவ இல்லை. சோறும் கறியும் மூடி வைச்சிருந்தது. பத்து மணி போலை மச்சாளின்ரை போனிலையிருந்து, நான் அக்கா வீட்டை வந்து சேந்திட்டன் எண்டா. சண்டிலிப்பாயிலையிருந்து திருகோணமலைக்கு, அந்த வயதிலை, தனிய. வழியிலை யானை நிக்கிற றோட்டு. பற்றறி மாத்தின கார், இடையிலை நிண்டிருந்தால்? அதைச் சொன்னன். கார் நல்லா ஓடுது எண்டா.

நான் ரெண்டு மூண்டு நாளிலை வருவா எண்டு இருந்தன். வரேல்லை. ஒரு கிழமைக்குப் பிறகு வீட்டிலை சீனி எங்கை இருக்குதெண்டு தெரியாது, உப்பு ரெண்டு போத்திலிலை இருக்கு, கறிக்கு எதெண்டு தெரியாது. போன் எடுத்துக் கேப்பன். கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. மேல் தட்டு, இடப்பக்கம், பச்சை மூடி. அதுக்கு மேலை ஒரு சொல்லு வராது. சேயோனுக்குச் சொன்னன். அவன், இது உங்களுக்கும் அம்மாவுக்கும் இடையிலை அப்பா, நான் என்ன செய்யேலும் எண்டான். தாய் அவனுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறா போலை. காரை வித்திடுங்கோ எண்டு சொன்னவன், இப்ப காரைப் பற்றி வாயே திறக்கிறானில்லை.

இதுக்குள்ளை என்ரை கண் ஒப்பறேசனுக்குத் திகதி வந்திட்டுது. அதுதான் நேரிலையே போவம் எண்டு நேற்று வெளிக்கிட்டு வந்தனான்.

நான் போகேக்கை அவ இல்லை. அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டாவாம். விறாந்தையிலை காத்திருந்தன். வந்தா, கண்டா, தேத்தண்ணி போட்டுத் தந்தா. வாடியிருக்கிறாவோ எண்டு பாத்தன், வாடேல்லை. எனக்குத்தான் கழுசான் இடுப்பிலை நிக்குதில்லை. அதை அவ கவனிச்சவ எண்டு நினைக்கிறன்.

நான் விட்டுக்குடுக்கிற ஆள் தம்பி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானே தொடங்கினன். சரி, காரை விக்கவேண்டாம், வைச்சிருப்பம், பேரையும் உம்மடை பேருக்கு மாத்தித் தாறன், வீட்டை வாரும் எண்டன். எந்தப் புருசன் இப்பிடி இறங்கி வருவான்? மச்சாள் கூடக் குசினிக்குள்ளை கோப்பை கழுவிறதை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டா.

திலகம் மேசையைத் துடைச்சுக்கொண்டு, "நான் யோசிக்கிறது காரைப் பற்றி இல்லை" எண்டா.

பாருங்கோ. இவ்வளவு காசு கொட்டித் திருத்தின கார். வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்டு மாசக்கணக்கா நான் மண்டையைப் போட்டு உடைக்கிறன். அவ அதைப் பற்றி யோசிக்கவே இல்லையாம். பொறுப்பிருந்தால் இப்பிடிச் சொல்லுவாவோ?

அப்ப என்னத்தைப் பற்றித்தான் யோசிக்கிறீர் எண்டு கேட்டன். அவ மேசைத்துணியைப் பிழிஞ்சு காயப்போட்டா. சரியெண்டு ஒப்பறேசன் கதையை எடுத்தன். காலமை ஏழுக்கு நிக்கவேணும், பின்னேரம் விடுவினம், கண்ணைக் கட்டிவிடுவினம், ஆர் கூட்டிக்கொண்டு போறது எண்டன்.

"ஓட்டோவிலை போகலாம்தானே" எண்டா.

கண் ஒப்பறேசன் செய்த மனுசன் தம்பி, ஓட்டோவிலை! எங்கடை றோட்டிலை, அந்தக் குலுக்கலிலை! ஒரு நோயாளியை ஆரும் அப்பிடி விடுவினமோ? நீங்களே சொல்லுங்கோ. ஒரு மனுசருக்கு இவ்வளவு கல்நெஞ்சு எங்கையிருந்து வரும் எண்டு நான் இரவு முழுக்க முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தன்.

ஏன் தம்பி அப்பிடிப் பாக்கிறீங்கள்? தண்ணி வேணுமோ? என்னட்டைப் போத்தில் இருக்கு.

இண்டைக்குக் காலமை, வெயிலேற முதல் வெளிக்கிடுங்கோ, பஸ் ஸ்ராண்டிலை கொண்டுவந்து விடுறன் எண்டா. அந்த மட்டிலை நல்ல மனுசி. முன் சீற்றுக் கதவை நான் திறந்தன். சீற்றிலை ஒரு கைப்பை இருந்தது. பழசு, பிடி தைச்சது. பவளம் ரீச்சரின்ரை. அதை எடுத்துப் பின்னுக்கு வைக்கட்டோ எண்டன். அது அங்கை இருக்கட்டும் எண்டா. நான் பின்னாலை ஏறினன். சால்வையை மடியிலை வைச்சுக்கொண்டன், ஓட்டையை மூடேல்லை.

கடற்கரை றோட்டாலை வந்தம். நல்லாத்தான் ஓட்டுறா. ஒரு கையைக் கண்ணாடிக்கு வெளியாலை விட்டுப் பின்னாலை வாறவனுக்கு வழி காட்டுறா. நான் பின்னாலையிருந்து தலைமயிரைப் பாத்தன், முழுக்க நரைச்சிட்டுது. எப்ப நரைச்சதெண்டு எனக்குத் தெரியேல்லை. ஏதாவது கதைக்கவேணும் போலை இருந்தது. என்னத்தைக் கதைக்கிறதெண்டு பிடிபடேல்லை. பெற்றோல் எவ்வளவு போகுது எண்டு கேட்டன். பரவாயில்லை எண்டா.

ஸ்ராண்டிலை இறங்கினன். என்ரை பை சீற்றுக்குக் கீழை மாட்டுப்பட்டுக் கிடந்ததை இழுத்தெடுத்துக் கதவைச் சாத்தினன். பைக்குச் சிப் பூட்டுப்படேல்லை. நிலத்திலை வைச்சுக் குனிஞ்சுகொண்டு, அவவுக்குத்தான் சொல்லிக்கொண்டு நிண்டன். திலகம், நான் கோவத்திலை சொல்லேல்லை, வீட்டிலை ஒரு சத்தம் சலார் இல்லாமல் இருக்கு, தேத்தண்ணி போட்டால் ஒரு கோப்பைக்குப் போடத் தெரியேல்லை, ரெண்டு கோப்பை வந்திடுது, மற்றதை ஊத்தவேண்டிக் கிடக்கு எண்டு. இதை நான் முதல்நாள் இரவு சொல்லேல்லை. சொல்ல வரேல்லை. அப்பதான் வந்தது. கொஞ்சம் கனக்கவே சொன்னன் எண்டு நினைக்கிறன்.

பக்கத்திலை கச்சான் கடலை விக்கிற மனுசி ஒண்டு என்னையே பாத்துக்கொண்டு இருந்தது. நான் நிமிர்ந்து பாத்தன்.

அந்தக் கார் பற்றறியிலை வெளிக்கிடேக்கை சத்தமே கேக்காது தம்பி.

"அவ அப்பவே போயிட்டா ஐயா" எண்டு அந்த மனுசி சொல்லிச்சுது.